ஜன்னலுக்கு வெளியே இரண்டரை மணி நேரம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை நல்ல குணம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் இன்று நான் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பதற்கு என் மூளையைவிட என் கோபம்தான் அதிகம் உதவியிருக்கிறது. என் மூளையைப் பற்றி ஊரில் யாருக்கும் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை.

நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டம் லுணுகலையிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். தீபாவளிக்கு வருவார், தேர்தலுக்கு வருவார். நான் பதுளையில் வர்த்தகப் பிரிவில் படித்தேன். உயர்தரப் பரீட்சையில் கணக்கீட்டுக்கு ஏ வந்தது, மற்ற இரண்டு பாடங்களும் சுமார். பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறியது. ஆனால் கல்வியியற் கல்லூரிக்கு இடம் கிடைத்தது. மூன்று வருடம் படித்தால் ஆசிரியை, அரசாங்கச் சம்பளம், ஓய்வூதியம். அம்மா ரவைக் கேசரி கிண்டி எங்கள் லயத்து வரிசையின் பத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார். பத்து வீட்டுக்காரர்களும் அன்றிலிருந்தே என்னை டீச்சரம்மா என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

எனக்கு டீச்சராக விருப்பமில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கப் போய், பத்தாவது நிமிடம் புத்தகத்தைச் சுவரில் அடித்தவள் நான். எனக்குப் பிடித்தது கணக்கீடுதான். ஐந்தொகையின் இரண்டு பக்கமும் கடைசி வரியில் ஒத்துவரும்போது வருகிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. கணக்காளராக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி ஆவது என்றுதான் தெரியவில்லை.

அந்த மாதம் பதுளையில் ஒரு மண்டபத்தில் கொழும்பிலிருந்து கல்வி நிறுவனக்காரர்கள் வந்து கூட்டம் வைத்தார்கள். போனவர்களுக்கெல்லாம் ஒரு பை, ஒரு பேனை, ஒரு தொப்பி. நான் மூன்று மேசைகளில் மூன்று பை வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று பைக்குள்ளும் மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று, லண்டன் பரீட்சை. கணினியிலேயே எழுதலாம், விரைவாக முடிக்கலாம், வெளிநாடு போகலாம். அந்தத் துண்டுப்பிரசுரத்தில் கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் கோட் போட்ட பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டணம் மட்டும் இங்கிலாந்துப் பவுணில். பவுண் அப்போது ஏறிக்கொண்டிருந்த வேகத்துக்கு, முதல் பாடத்துக்குக் கட்டிவிட்டு இரண்டாம் பாடத்துக்கு ஆடு மாடு விற்க வேண்டிவரும். எங்களிடம் இருந்தது ஏழு கோழி.

இரண்டாவது, முகாமைக் கணக்கீடு. பெரிய கம்பனிகளுக்கு ஏற்றது என்றார்கள். வகுப்பு சனி ஞாயிறு, கொழும்பில். வெள்ளிக்கிழமை பஸ் ஏறித் திங்கட்கிழமை வந்து சேர வேண்டும்.

மூன்றாவது, நம் நாட்டுப் பட்டயக் கணக்காளர் பரீட்சை. ரூபாயில் கட்டலாம், வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் அங்கீகாரம் பெற்ற கணக்காய்வு அலுவலகம் ஒன்றில் ஒப்பந்தம் எழுதி மூன்று வருடம் பயிலுநராக வேலை செய்ய வேண்டும். அது இல்லாமல் எத்தனை பாடம் பாஸ் பண்ணினாலும் பட்டயம் கையில் வராது. அந்த அலுவலகத்தை எங்கே பிடிப்பது என்று மேசைக்காரரிடம் கேட்டேன். "உங்க ஏரியாவில ஒரு நல்ல இடமாப் பாத்துக்கங்க தங்கச்சி" என்றார். வாடகை வீடு பார்க்கச் சொல்வதைப் போல அத்தனை லேசாகச் சொன்னார்.

அன்று பின்னேரம் அம்மா மலையிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு உள்ளே நுழைந்தபோது, கட்டில் முழுக்கத் துண்டுப்பிரசுரங்களைப் பரப்பி வைத்திருந்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழும் எழுத்துக்கூட்டித்தான். எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார்.

"இதுல எது வேலை செஞ்சிக்கிட்டே படிக்கிறது?"

மூன்றாவதைக் காட்டினேன்.

"அப்புறம் என்ன யோசனை? நான் கொழுந்து எடுக்க எந்தப் பள்ளிக்கூடத்துல போய்ப் படிச்சேன்? கூடைய மாட்டி மலையில விட்டாங்க. கத்துக்கிட்டேன்."

நான் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினேன். அம்மா தள்ளிப் போய்க்கொண்டே சொன்னார்: "ஆனா நீ டீச்சருக்குத்தான் போற."

நான்கு நாள் சண்டை. நான் ஒற்றைக்காலில் நின்றேன். அம்மா பேசாமல் இருந்து பார்த்தார், அப்பாவிடம் போனைக் கொடுத்துப் பார்த்தார். அப்பா கொழும்பிலிருந்து, "கையில கெடைச்சத விட்டுட்டுக் கெடைக்காததுக்கு ஓடுறியே" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. கடைசியில் அம்மாவே ஒரு முடிவு சொன்னார். கல்லூரியில் பதிவு அடுத்த வெள்ளிக்கிழமை.

"அதுக்குள்ள எவனாவது ஒன்னைய எடுத்துக்கிறேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, போ. இல்லாட்டி வாய மூடிக்கிட்டுப் பெட்டியக் கட்டு."

பதுளையில் பயிலுநர் எடுக்கக்கூடிய அலுவலகங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். எல்லாவற்றுக்கும் போன் எடுத்தேன். ஓர் இடத்தில் ஆள் வேண்டாம் என்றார்கள். இன்னோர் இடத்தில், "வெளி வேலைக்குப் போகணும், பொம்பளப் புள்ளைங்களுக்குச் சரிவராது" என்றார்கள். மூன்றாவது இடத்தில் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள். இடம் ஒன்றுதான் இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

அம்மாவும் கூட வந்தார். அன்றைய பேரை விட்டுவிட்டு வந்தார். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்போம். பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. கல்யாண வீட்டுக்கு என்று வைத்திருந்த சேலையை உடுத்திக்கொண்டார். முதல் பஸ்ஸில் பசறை வழியாக வந்து எட்டரைக்கெல்லாம் பதுளையில் அந்தப் படியேறிவிட்டோம்.

மேல்மாடி. ஒரு கண்ணாடிக் கதவு, சாத்தியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல், உள்ளே ஒரு பெண் தலையைக் குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும், ஒரு கணம்கூட யோசிக்காமல், ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றோம்.

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கவே தேவையில்லை. தோட்டத்து ஆபீஸுக்குக் கதவு உண்டு. அது துரைக்கும் கிளாக்கருக்கும். வேலையாட்களுக்கு ஜன்னல். சம்பளச் சீட்டா, லீவா, பிறப்புப் பதிவுக்குக் கடிதமா, எல்லாம் ஜன்னலில்தான். போய் ஓரமாக நிற்க வேண்டும். கிளாக்கரையா தலை நிமிர்ந்து பார்க்கும்வரை வாயைத் திறக்கக்கூடாது. முதலில் கூப்பிட்டால் மரியாதை தெரியாதவள் என்று பெயர். யாரும் இதைச் சட்டமாக எழுதி ஒட்டவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற வயதிலிருந்து எனக்கும் அது பழகியிருந்தது.

ஆகவே நின்றோம். ஒன்பது மணியானது. என் வயதுக்காரர்களாகத் தெரிந்த நாலைந்து பேர் கோப்புகளோடு வந்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்கள் அங்கே வேலை செய்கிறவர்கள் என்று நினைத்தேன். பத்தானது. உள்ளே இருந்த பெண் ஒருமுறை நிமிர்ந்தாள், எங்களைத் தாண்டிக் கடிகாரத்தைப் பார்த்தாள், குனிந்தாள். அம்மா கால் மாற்றி நின்றார். "ஐயாமாருக்கு வேலை கூடப் போல" என்று என் காதில் சொன்னார். நான் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. உள்ளே போன நாலைந்து பேரும் வெளியே வந்தார்கள். பின்னால் வந்த அலுவலக இளைஞன் ஒருவன் எங்களைப் பார்த்து, "யாரைப் பாக்கணும்?" என்றான்.

"இன்டர்வியூக்கு வந்தோம்" என்றேன்.

"அது முடிஞ்சிருச்சே. உங்க பேரை ரெண்டு தரம் கூப்பிட்டு, வரலன்னு வெட்டிட்டாங்க. இவ்வளவு நேரம் இங்கயா நின்னீங்க? உள்ள வந்து உக்காந்திருக்கலாமே?"

அம்மா கைகட்டிக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "கூப்பிடலீங்களே."

பேரை உள்ளேதான் கூப்பிட்டிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது, எங்களுக்குக் கேட்கவில்லை. அவன் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனான். நாங்கள் படியிறங்கினோம்.

பஸ் நிலையம்வரை நடந்தோம். லுணுகலை பஸ் நின்றிருந்தது. "விடு புள்ள, நம்ம நேரம்" என்றார் அம்மா. அந்த ஒரு சொல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. நேரமா? எட்டரைக்கே வந்தவர்களுக்கு நேரம் என்ன குற்றம் செய்தது? நான் நின்றேன், அதுதான் குற்றம். கணக்காளராகப் போகிறேன் என்று வீட்டில் நான்கு நாள் கத்தியவள், ஒரு கதவைத் தள்ளாமல் இரண்டரை மணி நேரம் நின்றிருக்கிறேன். கல்யாணச் சேலையில் அம்மாவையும் நிற்க வைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. திரும்பி நடந்தேன்.

அம்மா பின்னாலேயே ஓடிவந்தார். படிக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டார். "நீ போ. நான் கீழ நிக்கிறேன்."

மேலே போனேன். ஜன்னலைப் பார்க்கவே இல்லை. கதவைத் தள்ளினேன், உள்ளே போனேன், சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தட்டச்சுப் பெண், "யாரு? என்ன வேணும்?" என்றாள். "பெரிய ஐயாவைப் பாக்கணும். அவர் வரும்வரைக்கும் இருப்பேன்" என்றேன். நாற்காலியைவிட்டு எழும்பவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வெளியே கிளம்பிய அலுவலகப் பெரியவர் என்னைப் பார்த்து நின்றார். நரைத்த மீசை, கையில் குடை. நடந்ததைச் சொன்னேன். சாக்குச் சொல்லாமல் சொன்னேன்: எட்டரைக்கு வந்தேன், ஜன்னலில் நின்றேன், எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் பழக்கம், தப்பு என்னுடையது. ஆனால் வரவில்லை என்று எழுதியதும் சரியில்லை, நான் வந்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. குடையைச் சுவரில் சாய்த்தார்.

"தோட்டமா? சரி. செக்ரோல்ல ஒரு நாளைக்கு நூத்தி இருபது பேர் வேலைக்கு வந்ததா எழுதியிருக்கு. வந்தாங்கன்னு நீங்க எப்படி நம்புவீங்க?"

செக்ரோல் என்பது வேலைக்கு வந்தவர்களின் பேர் எழுதும் பதிவு. புத்தகத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. ஆவணங்களைச் சரிபார், கையெழுத்தை ஒப்பிடு என்று போகும். அப்போது எனக்கு அந்தப் பதில் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

"ஆபீஸ்ல உக்காந்துகிட்டு நம்பவே முடியாது சேர். காலையில பெரட்டுக்களத்துல ஆள் பிரிக்கிறப்போ போய் நிக்கணும். அப்புறம் கொழுந்து நிறுக்கிற நேரம் மலைக்குப் போகணும். பிள்ளைக் காம்பிராவுல எத்தனை புள்ளைங்களை விட்டுட்டுப் போயிருக்காங்கன்னு ஆயாம்மாவைக் கேக்கணும். வராத ஆளுக்குப் பேர் எழுதலாம் சேர். ஆனா வராத ஆளோட கொழுந்த எழுதினா, தேயிலை ஸ்டோர்ல தராசு காட்டிக்குடுத்துரும்."

அவர் சுவரோரம் இருந்த இன்னொரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு, "கொடுப்பனவு உங்கம்மா எடுக்கிறதவிடக் குறைவு. தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"மூணு வருஷத்துல மொனராகலைக்கும் பெரகலைக்கும் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போகணும். பாதிப் பேர் நடுவுல விட்டுட்டு ஓடிர்றாங்க."

"ஓட மாட்டேன் சேர்."

"சரி. மற்றப் பங்காளரோட பேசிட்டு, ஒப்பந்தத்தைத் தபால்ல அனுப்புறோம்."

தோட்டத்துக்குத் தபால் வந்தால் ஆபீஸில் குவியும். யாராவது எடுத்துக் கொடுத்தால் உண்டு. என் பெறுபேற்றுக் கடிதமே ஒன்பது நாள் அங்கே கிடந்தது.

"தபால் வேணாம் சேர். எங்களுக்குத் தபாலும் ஜன்னல்லதான் வரும். வெள்ளிக்கிழமைக்கு முந்தி எனக்குக் கையெழுத்து வேணும். நானே வந்து வாங்கிக்கிறேன்."

இப்போதுதான் அவர் சிரித்தார். வியாழக்கிழமை மதியம் வரச் சொன்னார்.

வியாழக்கிழமை நான் தனியாகப் போனேன். அம்மாவுக்கு இரண்டாவது பேரையும் விட முடியாது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். "சரி" என்றார். அதற்கப்புறம் டீச்சர் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. லயத்துக்காரர்கள்தான் கேசரி சாப்பிட்ட கடமைக்காக இன்னும் டீச்சரம்மா என்கிறார்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மொனராகலையில் ஒரு கரும்பாலையின் களஞ்சியத்தில் சீனி மூட்டை எண்ணி, பாதியில் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டு, புழுக்கத்தில் முதலிலிருந்து எண்ணினேன். வரிப் பாடத்தில் இரண்டு முறை பெயிலானேன். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத முதல் ஆறு மாதம் வியர்த்துக் கொட்டியது. பதுளையில் ஓர் அறையில் தங்கி, சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் போனேன். போகும்போதெல்லாம் தோட்டத்து ஆபீஸைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கதவைப் பார்ப்பேன். ஒரு நாள் கணக்காய்வுக்கு வந்து, அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கிளாக்கருக்கு எதிரில் உட்கார்ந்து, செக்ரோலைக் கொண்டுவாருங்கள் என்று சொல்ல வேண்டும். இந்த ஆசையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வரிப் பாடத்தை மூன்றாம் முறை எழுதினேன் என்றால் பொய்யில்லை.

மூன்றாம் வருடம் அந்த வேலை வந்தது. எங்கள் தோட்டத்தின் கணக்காய்வு எங்கள் அலுவலகத்துக்குக் கிடைத்தது. குழுவில் என் பேர் முதலில் இருந்தது, தோட்டத்தை அறிந்தவள் என்பதால். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

போவதற்கு முன் எல்லோரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கணக்காய்வு செய்யும் இடத்தில் உங்களுக்கு உறவினர் யாராவது வேலை செய்கிறார்களா என்பது கேள்வி. இருந்தால் எழுத வேண்டும். எழுதினால் குழுவில் இருக்க முடியாது. அலுவலகத்தில் எனக்கு மேல்நிலையில் இருந்த அக்கா ஒருவர், "உங்கம்மா என்ன, மனேஜரா? கொழுந்து எடுக்கிறவங்கதானே. இல்லைன்னு போட்டுட்டு வாங்க, யாரு பாக்கப்போறா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். என் ஆசை அவருக்குத் தெரியும்.

பேனையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று எழுதினால் அந்தக் கதவு எனக்குத் திறக்கும். ஆனால் அந்தச் செக்ரோலில் அம்மாவின் பேர் இருக்கிறது. வராதவர்களை வந்ததாக எழுதுகிறார்களா என்று பார்க்கப் போகிறவள், இருக்கிற அம்மாவை இல்லை என்று எழுதிவிட்டா போவது? ஆம் என்று எழுதினேன். உறவு: தாய். தொழில்: கொழுந்து பறித்தல். எழுதிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன். நியாயமாக நடந்துகொண்டால் மனசுக்கு நிம்மதி வரும் என்பார்கள். எனக்கு அன்று எரிச்சல்தான் வந்தது.

குழு போகும் நாளை நான் வீட்டில் சொல்லவில்லை, சொல்லக்கூடாது. அன்று நான் பதுளையில் ஒரு புடவைக் கடையின் பற்றுச்சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நாலரை மணிக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"இன்னைக்கு ஒங்க ஆபீஸ் வேன் வந்துச்சு" என்றார். "நீயும் வந்திருப்பன்னு நெனைச்சு, கொழுந்த நிறுத்துட்டு ஓடி வந்தேன். ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். ஒன்னைய காணல."

"நான் வரக்கூடாதும்மா. நீ அங்க வேலை செய்யிறதால."

"தெரியும். வேன்ல வந்த ஒங்க ஆபீஸ் அக்காப் புள்ளை சொல்லுச்சு."

"எப்படிச் சொன்னாங்க? நீ ஜன்னல்லதானே நின்ன?"

"எத்தனை நேரம் நிக்கிறது? கிளாக்கரையா தலையத் தூக்கவே இல்ல. உள்ள போய்க் கேட்டேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "உள்ளன்னா? ஆபீஸுக்குள்ளயா?"

"ஆமா. இடுப்புல கட்டுன படங்குச் சாக்கோடதான் போனேன். தரையெல்லாம் மண்ணு. கிளாக்கரையா மொறைச்சாரு. அந்தப் புள்ளை எந்திரிச்சு நாற்காலியத் தள்ளிப் போட்டுச்சு. உக்காந்து பேசிட்டுத்தான் வந்தேன்."

முப்பது வருடமாக அம்மா அந்த ஜன்னலில் நின்றிருக்கிறார். பற்றுச்சீட்டுக் கட்டு என் கையிலிருந்து மேசையெல்லாம் சரிந்தது.

"யாரும்மா உன்னைய உள்ள கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடல" என்றார் அம்மா. "நானாத்தான் போனேன். அது கெடக்கட்டும், ஒனக்கு இன்னும் ரெண்டு பாடம் மிச்சமிருக்குல்ல? எப்ப எழுதப்போற?"